ஆறு வீடுகளும் 91 சென்ட்டும்

2010 ஜனவரி 12 அன்று மாலை ஐந்து மணிக்குச் சற்று முன் ஹைட்டியில் நிலம் நடுங்கியது. தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் அதிபர் மாளிகை, நாடாளுமன்றம், பேராலயம் எதுவும் தப்பவில்லை. சுமார் 15 லட்சம் பேர் வீடிழந்து தெருவுக்கும் கூடாரத்துக்கும் வந்தார்கள். அடுத்த சில வாரங்களில் அமெரிக்க மக்கள் அள்ளிக் கொடுத்தார்கள். கைப்பேசியில் ‘ஹைட்டி’ என்று தட்டி ஒரு எண்ணுக்கு அனுப்பினால் போதும், மாதக் கட்டணத்தோடு 10 டாலர் சேர்ந்துவிடும். இப்படியும் பிற வழிகளிலுமாக அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் ஒன்றுக்கு மட்டும் சுமார் 48.8 கோடி டாலர் வந்து குவிந்தது. ஐந்து ஆண்டு கழித்து, 2015 ஜூனில், புரோபப்ளிகா என்ற புலனாய்வுச் செய்தி நிறுவனமும் என்.பி.ஆர். வானொலியும் கூட்டாக ஒரு விசாரணையை வெளியிட்டன. ஹைட்டி முழுவதிலும் சங்கம் கட்டி முடித்திருந்த நிரந்தர வீடுகள் ஆறு என்றது அது.

ஆறாயிரமோ அறுநூறோ இல்லை, ஆறு. பெரிய தொண்டு நிறுவனங்களைப் பற்றி மக்கள் மனத்தில் ஏற்கெனவே இருந்த சந்தேகத்துக்கு இந்த எண் ஒரு சாட்சியாகிவிட்டது. “நாம் கொடுக்கிறோம், போய்ச் சேருகிறதா யாருக்குத் தெரியும்?” என்ற பேச்சு எந்த ஊரிலும் உண்டு. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதியின் தொண்டு நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஆணையம், அவற்றின் மீதான நம்பிக்கைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று மக்களிடம் கேட்டு வருகிறது. 2014-இல் 6.7 ஆக இருந்த சராசரி 2016-இல் 5.7 ஆகவும், 2018-இல் 5.5 ஆகவும் இறங்கியது. சந்தேகப்படுவதில் தவறே இல்லை. ஆனால் சந்தேகப்படுகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, “நூறு ரூபாய் கொடுத்தால் எத்தனை ரூபாய் போய்ச் சேருகிறது?” என்பது. நிறுவனங்கள் எளிதாகத் தப்பித்துக்கொள்வதற்கு அந்தக் கேள்வியே வழி செய்து கொடுக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். ஹைட்டிக் கதையை நிதானமாகப் படித்தால் இது விளங்கும்.

காம்பெஷ் என்பது போர்ட்-ஓ-பிரின்ஸில் மலைச்சரிவில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் ஏழைக் குடியிருப்பு. இங்கே தண்ணீர், கழிப்பிட வசதியோடு நூற்றுக்கணக்கான நிரந்தர வீடுகள் எழுப்பும் திட்டம் ஒன்றைச் சங்கம் தொடங்கியது. 2013 ஜனவரிக்குள் 700 வீடுகள் என்பது இலக்கு. 2015-இல் செய்தியாளர்கள் போய்ப் பார்த்தபோது அங்கே ஒரு வீடுகூட எழும்பியிருக்கவில்லை. துருப்பிடித்த தகரக் கொட்டகைகளில், குடிநீரும் மின்சாரமும் இல்லாமல் மக்கள் அப்படியே இருந்தார்கள். சங்கம் சொன்ன காரணம் நிலச் சிக்கல். ஹைட்டியில் எந்த மனை யாருக்குச் சொந்தம் என்று காட்டும் ஒழுங்கான பதிவேடு கிடையாது. பட்டாவுக்கும் வில்லங்கத்துக்கும் அலைந்து பழகிய நமக்கு அந்தச் சிரமத்தைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதே நாட்டில், அதே நிலச் சிக்கலுக்கு நடுவே, மற்ற அமைப்புகள் ஏறத்தாழ 9,000 வீடுகளைக் கட்டியிருந்தன.

பிறகு எங்கே இடறியது? சங்கத்துக்குள் சுற்றிய ஆவணங்கள் சொன்னவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். பொறுப்பில் அமர்த்தப்பட்ட வெளிநாட்டவர் பலருக்குப் பிரெஞ்சும் தெரியாது, உள்ளூர் மக்கள் பேசும் கிரியோலும் தெரியாது. ஒரு திட்டத்தின் வரவுசெலவுப் பட்டியலில் வெளிநாட்டு மேலாளருக்கு வீட்டு வாடகை, சாப்பாடு, விடுமுறைப் பயணம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 1,40,000 டாலர் ஒதுக்கியிருந்தார்கள். ஹைட்டி நாட்டு மூத்த பொறியாளருக்கு 42,000 டாலர். தெருவை அறிந்தவருக்கு அதிகாரமும் இல்லை, ஊதியமும் இல்லை. அதிகாரம் இருந்தவரால் தெருவில் நின்று பேச முடியவில்லை. வீடு கட்டும் அனுபவமும் சங்கத்துக்குப் போதாது என்பதால் பணத்தில் பெரும்பகுதி வேறு அமைப்புகளுக்குக் கைமாறியது. கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் நிர்வாகச் செலவு என்று ஒரு பங்கு கழிந்தது. முதல் அமைப்பு தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுக்கும். வாங்கியவர் தன் பங்கை எடுப்பார். கொடுத்தவர் வாங்கியவரை மேற்பார்வை செய்வதற்கு ஆகும் செலவு வேறு. ஒவ்வொருவர் கணக்கும் தனித்தனியே பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கும். மலைச்சரிவில் தகரத்துக்கு அடியில் உட்கார்ந்திருப்பவர் கணக்கு மட்டும் உதைக்கும்.

இத்தனைக்கும் இடையில் சங்கம் 1,30,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு வீடு கொடுத்ததாகச் சொல்லிவந்தது. அந்த எண்ணிக்கையைப் பிரித்துப் பார்த்தபோது, சொந்த வீட்டை எப்படிப் பழுதுபார்ப்பது என்று பயிற்சி வகுப்பில் உட்கார்ந்தவர்களும், சில காலம் வாடகை உதவி பெற்றவர்களும், மூன்று முதல் ஐந்து ஆண்டு மட்டுமே தாங்கும் தற்காலிகக் குடிலில் இருந்தவர்களும் அதில் அடக்கம் என்று தெரிந்தது. வகுப்பும் வாடகையும் வீண் என்று யாரும் சொல்ல முடியாது. அவற்றை வீடு என்று எழுதியதுதான் பிழை.

இனி 91 சென்ட்டுக்கு வருவோம். “நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு டாலரிலும் 91 சென்ட் சேவைக்கே போகிறது” என்பது சங்கத்தின் அப்போதைய தலைமை நிர்வாகி கெயில் மெக்கவர்ன் பல ஆண்டுகள் பொதுமேடைகளில் சொல்லிவந்த வாக்கு. 2014 இறுதியில் புரோபப்ளிகாவும் என்.பி.ஆரும் இந்தக் கணக்கையும் கிண்டிப் பார்த்தன. அமெரிக்காவின் மருத்துவமனைகளுக்கு வேண்டிய ரத்தத்தில் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டைச் சங்கமே கொடுத்துவருகிறது. சும்மா அல்ல, மருத்துவமனைகள் அதற்குப் பணம் கட்டுகின்றன. சங்கத்தின் மொத்தச் செலவில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இந்த ரத்தத் துறைக்கானது. 91 என்ற கணக்கு, நன்கொடையோடு தொடர்பில்லாத இந்தப் பெருந்தொகையையும் உள்ளடக்கிய மொத்தச் செலவை வைத்துப் போட்டது. ஒரு குவளை மோரில் ஒரு குடம் தண்ணீர் விட்டால் உப்பு தெரியாமல் போவதுபோல, நன்கொடை திரட்டும் செலவு அதில் கரைந்துபோனது. நன்கொடையை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், முந்தைய ஐந்தாண்டுச் சராசரியில் ஒரு டாலருக்கு 17 சென்ட் நன்கொடை திரட்டுவதற்கே போயிருந்தது, ஓர் ஆண்டில் 26 சென்ட். கேள்வி எழுந்ததும் சங்கம் தன் இணையதளத்திலிருந்து அந்த வாசகத்தை எடுத்துவிட்டது. பின்னர், 2016-இல் செனட்டர் சக் கிராஸ்லி வெளியிட்ட அறிக்கை, ஹைட்டிப் பணத்தில் கால்வாசி, அதாவது சுமார் 12.5 கோடி டாலர், நிர்வாகத்துக்கும் நிதி திரட்டவும் சங்கத்துக்குள்ளேயே செலவானதாகச் சொன்னது.

இந்த இடத்தில் பெரும்பாலோர் கதையை முடித்துவிடுவார்கள்: சொன்னது 9, எடுத்தது 25, ஆகவே ஏமாற்று. நான் கேட்க விரும்புவது வேறு. சங்கம் சொன்ன 91 முழு உண்மையாகவே இருந்திருந்தால் காம்பெஷில் வீடு எழும்பியிருக்குமா? எழும்பியிருக்காது. மொழி தெரியாத அதிகாரியும், பட்டா இல்லாத மனையும், கைமாறிக் கைமாறித் தேய்ந்த பொறுப்பும் அப்படியேதான் இருந்திருக்கும். மற்றொரு பக்கம், 40 விழுக்காட்டை நிர்வாகத்துக்கு எடுத்துக்கொண்டு, நல்ல நில வழக்கறிஞர்களையும் கிரியோல் பேசும் பொறியாளர்களையும் நியமித்து, 700 வீட்டையும் கட்டிக் கொடுத்திருந்தால் அந்த மக்கள் எவரும் விழுக்காட்டைக் கேட்டிருக்க மாட்டார்கள். விழுக்காடு பணம் எந்தத் தலைப்பில் எழுதப்பட்டது என்பதைச் சொல்லும். என்ன நடந்தது என்பதைச் சொல்லாது.

விழுக்காட்டை நம்புவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. திருடத் தெரிந்தவனுக்குத் திருத்தவும் தெரியும். 2015 மே மாதம் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையமும், 50 மாநிலங்களும், தலைநகர் வாஷிங்டனும் சேர்ந்து, புற்றுநோயாளிகளின் பெயரைச் சொல்லிப் பணம் திரட்டிய நான்கு அமைப்புகள்மீது வழக்குத் தொடர்ந்தன. 2008 முதல் 2012 வரை மட்டும் 18.7 கோடி டாலர் வசூல். தொலைபேசியில் கூப்பிட்டு வசூல் செய்து கொடுக்கும் ஒப்பந்த நிறுவனங்களுக்குப் பல நேரம் 85 விழுக்காடும் அதற்கு மேலும் போனது. மீந்ததில் கார், சொகுசுக் கப்பல் பயணம், கல்லூரிக் கட்டணம் என்று நடத்தியவர்களின் வட்டத்துக்குப் போனது பெரும்பகுதி. இவ்வளவையும் மறைத்தது எப்படி? வெளிநாட்டுக்கு அனுப்பும் மருந்து, துணிமணி போன்ற பொருள்நன்கொடைகளில் பெயரளவுக்கு இடையில் நின்றுகொண்டு, 22.3 கோடி டாலருக்கும் அதிகமான பொருளைத் தாங்களே பெற்று வழங்கியதாகக் கணக்கு எழுதினார்கள் என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. வரவும் சேவைச் செலவும் காகிதத்தில் ஊதிப் பெருத்தன, நிர்வாகச் செலவின் விழுக்காடு சிறுத்துப்போனது. இதைவிட நாகரிகமான வழி ஒன்று சட்டத்துக்கு உட்பட்டே இருக்கிறது. நன்கொடை கேட்டு அனுப்பும் கடிதத்தில் நோயைப் பற்றியோ பிரச்சினையைப் பற்றியோ நாலு வரி விழிப்புணர்வுச் செய்தி சேர்த்து, செயல்படச் சொல்லி ஒரு வேண்டுகோளும் வைத்தால், அஞ்சல் செலவில் ஒரு பகுதியை ‘மக்கள் கல்வி’ என்று சேவைக் கணக்கில் எழுதிக்கொள்ள அமெரிக்கக் கணக்கியல் விதிகள் இடம் தருகின்றன.

நேர்மையாக நடப்பவர்களுக்கோ இதே அளவுகோல் வேறு விதமாகக் கேடு செய்கிறது. 2009-இல் ஆன் கிரெகரி, டான் ஹோவர்ட் என்ற இருவர் எழுதிய கட்டுரை ஒன்று இதைத் தொண்டு நிறுவனங்களின் பட்டினிச் சுழல் என்று வர்ணித்தது. நிர்வாகச் செலவு குறைவாக இருக்க வேண்டும் என்று கொடையாளி எதிர்பார்ப்பார். நிறுவனம் பழைய கணினியையும் பயிற்சியில்லாத ஊழியரையும் வைத்துக்கொண்டு செலவைக் குறைத்துக் காட்டும். அதைப் பார்த்த கொடையாளி அடுத்த முறை இன்னும் குறைவாக எதிர்பார்ப்பார். கணக்காளரும் மேற்பார்வையாளரும் தணிக்கையாளரும் நிர்வாகச் செலவில்தான் வருவார்கள். களவைப் பிடிக்க வேண்டியவரின் சம்பளத்தையே வெட்டச் சொல்லிவிட்டுக் களவு போகிறதே என்று புலம்புவதில் என்ன பொருள்? தொண்டு நிறுவனங்களுக்கு மதிப்பெண் போட்டுப் பேர் வாங்கிய மூன்று அமெரிக்க அமைப்புகளே 2013-இல் கொடையாளிகளுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, நிர்வாகச் செலவை மட்டும் வைத்து ஒரு நிறுவனத்தை எடைபோடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டன. மதிப்பெண் போடக் கற்றுக்கொடுத்தவர்களே மாற்றிச் சொன்னார்கள் என்றாலும், அந்தக் கடிதம் சாதாரண மக்களைப் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை.

இதற்கு மறுப்புகள் வரும், வர வேண்டும். முதலாவது, ஆறு வீடு என்று சொல்லிக் காட்டுவதே அநியாயம் என்பது. பணம் முழுவதும் வீட்டுக்கென்று வந்ததல்லவே. உணவு, தண்ணீர், தற்காலிகக் குடில், பிறகு 2010 அக்டோபரில் வெடித்த காலராவுக்கான பணி, மருத்துவமனைகளுக்கான உதவி என்று சங்கம் பலவற்றைச் செய்தது. உண்மைதான். ஆறு என்ற எண்ணைக் கொண்டு 48.8 கோடியை வகுத்துப் பார்ப்பது சரியான கணக்கு ஆகாது. ஆனால் எது எவ்வளவு, எந்த இடத்தில், எப்போது என்று திட்டவாரியாகச் சங்கமே சொல்லியிருந்தால் அந்த எண்ணுக்கு இவ்வளவு ஆயுள் இருந்திருக்காது. கேட்டவர்களுக்குக் கிடைத்தது பெரும் தலைப்புகளும் மொத்தத் தொகைகளும்தான்.

இரண்டாவது மறுப்பு சம்பளம் பற்றியது. மெக்கவர்னின் ஆண்டு ஊதியம் அப்போது சுமார் 5 லட்சம் டாலர். தொண்டு செய்ய வந்தவருக்கு இவ்வளவா என்ற எரிச்சல் இயல்பானது, எனக்கும் உண்டு. ஆனால் ஆண்டுக்கு முந்நூறு கோடி டாலர் அளவில் செலவழிக்கும் நிறுவனத்தில் அந்தச் சம்பளத்தை முழுக்க ரத்து செய்தாலும் காம்பெஷுக்கு என்ன கிடைத்திருக்கும்? சம்பளத்தைப் பற்றிய கோபம், கேட்க வேண்டிய மற்ற கேள்விகளை மறக்கடித்துவிடுகிறது என்பதே என் குறை.

மூன்றாவதுதான் கனமானது. சாதாரண மனிதரால் ஹைட்டிக்குப் போய் வீட்டை எண்ணிப் பார்க்க முடியுமா? விழுக்காடு ஒன்றுதான் அவர் கையில் இருக்கும் அளவுகோல், அதையும் பிடுங்கினால் என்ன செய்வார்? அளவுகோலின் இரு ஓரங்களும் பயன்படத்தான் செய்கின்றன. நூற்றுக்கு 85 வசூல் செய்தவனுக்கே போகிறது என்றால் அங்கே மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் நடுவில், பத்தா இருபதா முப்பதா என்ற இடத்தில், அந்த எண் எதையும் சொல்வதில்லை. அங்கே பார்க்க வேண்டியது, கேட்ட கேள்விக்கு நிறுவனம் எப்படிப் பதில் சொல்கிறது என்பதை. அதைப் பார்க்க ஹைட்டிக்குப் போக வேண்டாம்.

நிறுவனங்கள் பதில் சொன்ன விதத்துக்கு எடுத்துக்காட்டாக ஏற்கெனவே நடந்தவை சில. 2012-இல் சாண்டி புயலுக்கு அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் 30 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. அது எப்படிச் செலவானது என்று நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் கேட்டு வாங்கிய தகவல்களைச் செய்தியாளர்கள் கேட்டபோது, சில விவரங்கள் தொழில் ரகசியம் என்று 2014-இல் சங்கத்தின் வழக்கறிஞர்கள் வாதிட்டார்கள். நிவாரணம் கொடுப்பதில் என்ன தொழில், என்ன ரகசியம்? அதே ஆண்டு, அரசின் தணிக்கை அலுவலகம் தொடங்கியிருந்த ஆய்வை நிறுத்தச் சொல்லி நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு மெக்கவர்ன் கடிதமும் எழுதினார். இன்னும் பின்னால் போனால் 2001. இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பின் சுதந்திர நிதி என்ற பெயரில் சங்கத்துக்கு 50 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. அதில் 20 கோடிக்கு மேல் வருங்காலத் தேவைகளுக்கு ஒதுக்கிவைக்கப் போவது தெரியவந்ததும் கொந்தளிப்பு எழுந்தது. தலைவர் பெர்னடின் ஹீலி பதவி விலகினார், நவம்பரில் முழுப் பணமும் பாதிக்கப்பட்டவர்களுக்கே என்று சங்கம் பின்வாங்கியது. அந்த ஒதுக்கீடு மோசமான யோசனை என்றுகூடச் சொல்ல முடியாது. கொடுத்தவரிடம் சொல்லாமல் செய்ததுதான் கொதிப்புக்குக் காரணம்.

எதிர்ப்பக்கத்தில் ஒன்றைப் பாருங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி நாகப்பட்டினத்தையும் இலங்கையின் கிழக்குக் கரையையும் அடித்துப்போன ஏறத்தாழ ஒரு வாரத்தில், ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு தன்னால் அங்கே செய்யக்கூடிய வேலைக்குப் போதுமான பணம் வந்துவிட்டது, சுனாமிக்கென்று இனி அனுப்ப வேண்டாம் என்று அறிவித்தது. உலகமே உண்டியல் குலுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் உண்டியலை மூடியது. மற்ற அமைப்புகள் முணுமுணுத்தன. மீந்த பணத்தை வேறு நெருக்கடிகளுக்குச் செலவிடலாமா என்று அது கொடுத்தவர்களைத் திருப்பிக் கேட்டது. பணத்தைத் திருப்பித் தரும்படி கேட்டவர்கள் மிகச் சிலரே. அதே சமயம் நாகை மாவட்டத்துச் சாலையோரங்களில் வடநாட்டுக் குளிருக்கான பழைய துணிகள் மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடந்தன. கரையோரம் நெடுகிலும் தேவைக்கு மேல் படகுகள் வந்து இறங்கின. கொடுத்தவர்களின் மனம் நல்ல மனம்தான். கேட்காமல் கொடுத்தார்கள்.

இன்னொன்று, ஏழைகளுக்கு நேரடியாகப் பணம் அனுப்பும் ‘கிவ்டைரக்ட்லி’ அமைப்பு. 2023-இல், காங்கோவில் தன் சொந்த ஊழியர்கள் சிலர் சேர்ந்து சுமார் 9 லட்சம் டாலரைச் சுருட்டிவிட்டதாக அது தானே வெளியில் சொன்னது. எப்படி நடந்தது, எந்தக் கட்டுப்பாடு தளர்ந்ததால் நடந்தது என்றும் எழுதியது. இப்படி ஒப்புக்கொண்ட அமைப்பைவிட, நூற்றுக்கு 91 என்று மட்டும் சொன்ன அமைப்பை நம்பலாம் என்று நினைப்பவர் உண்டென்றால், அவரிடம் வாதாட என்னிடம் வேறு சரக்கு இல்லை.

பெரிய நிறுவனமே வேண்டாம், நமக்குத் தெரிந்த சின்ன அமைப்புக்கே கொடுத்துவிடலாம் என்பது பலரின் முடிவு. தெரிந்தவர், கண்ணால் பார்க்கிற வேலை என்பது பெரிய பலம்தான். ஆனால் ஒரு நாட்டுக்கே ரத்தம் சேர்த்து வைக்கவோ, ஒரே வாரத்தில் லட்சம் பேருக்குத் தண்ணீர் கொண்டு சேர்க்கவோ சின்ன அமைப்பால் ஆகாது. சின்னது என்பதாலேயே கணக்கு ஒழுங்காக இருக்கும் என்பதும் இல்லை.

நம் நாட்டுச் சட்டமும் அதே விழுக்காட்டுப் பாதையில்தான் போயிருக்கிறது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் நிர்வாகச் செலவுக்கு இருந்த 50 விழுக்காடு உச்சவரம்பு 2020 திருத்தத்தில் 20 ஆகக் குறைக்கப்பட்டது. வந்த நிதியை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றுவதும் அதே திருத்தத்தில் தடைசெய்யப்பட்டது. கைமாறும்போது தேய்கிற ஹைட்டிக் கதையைப் பார்த்தால் இந்தத் தடை நல்லதாகத் தோன்றலாம். ஆனால் டெல்லி நிறுவனத்திடமிருந்து பணம் பெற்று நடந்துவந்த கிராமத்துச் சின்ன அமைப்புகள்தான் இதில் முதலில் அடிபட்டன. பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியிலும் நிர்வாகத்துக்கு 5 விழுக்காடுதான் என்பது விதி. இவற்றால் திருட்டு குறையுமா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். எவ்வளவு வெளிநாட்டுப் பணம் வந்தது என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை இணையத்தில் வெளியிட வேண்டும் என்ற விதியை 2022 ஜூலையில் உள்துறை அமைச்சகம் நீக்கியது. அதே மாதம், அமைப்புகள் தாக்கல் செய்த ஆண்டுக் கணக்குகளும் அமைச்சகத்தின் இணையதளத்திலிருந்து மறைந்தன. வரம்பு இறுகியது, பொதுமக்கள் எட்டிப் பார்க்க இருந்த ஜன்னல் மூடிக்கொண்டது.

நன்கொடைக்குக் கிடைக்கும் ரசீது வருமான வரியில் கழிவு வாங்கத்தான் உதவும், வேலை நடந்ததற்கு அது சான்றாகாது. அடுத்த முறை யாராவது நன்கொடை கேட்டு வந்தால், நிர்வாகச் செலவு எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். போன ஆண்டு எந்த ஊரில், என்ன வேலையை முடித்தீர்கள், தொடங்கி முடிக்க முடியாமல் போனது எது என்று கேளுங்கள். பதிலில் ஊர்ப் பெயர் வந்தால் கொடுங்கள். விழுக்காடு மட்டும் வந்தால் பணத்தை வேறு இடத்துக்குக் கொண்டுபோங்கள்.